கேரியரில் மிஞ்சியது

நவம்பர் 4, திங்கள்

காலை எட்டு: இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி.
பதினொன்று: காபி, சீனி இல்லாமல்.
மதியம் ஒன்றரை: சோறு இரண்டு கரண்டி, முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், மோர்.

வாயில் போடுவது எல்லாவற்றையும் இந்த நோட்டில் எழுத வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்வதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள், என் மகள் ரஞ்சனியைவிடச் சின்னவள். "ஒரு ஸ்பூன் விடாம எழுதணும் ஆன்ட்டி. மறைச்சா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றாள். நான் எதை மறைக்கப் போகிறேன்? இருபத்தொன்பது வருஷமாக இந்த அடுக்களையில் ஒரு பருக்கை வீணாகப் போனதில்லை. மீந்த இட்லி மறுநாள் உப்புமா. மீந்த சோறு வடகம். பீர்க்கங்காய்த் தோலில் துவையல். முந்தின நாள் குழம்பு, கூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்ட வைத்தால் சுண்டக்கறி. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் என் சுண்டக்கறிக்குக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு.

வலது கால் சுண்டுவிரலுக்கு அடுத்த விரலில் செருப்பு கடித்து ஒரு புண். ஆறு வாரமாக ஆறவில்லை. சர்க்கரை முந்நூற்றுப் பத்தாம். டாக்டர் என் காலை மட்டும் பார்த்துப் பேசினார். "இது இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரும்மா" என்றார், நகம் வெட்டச் சொல்வதுபோல.

தை இருபதாம் தேதி ரஞ்சனிக்குக் கல்யாணம். மேடையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். அதற்குள் ஆறினால் போதும்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை: இட்லி உப்புமா.
மதியம்: சோறு இரண்டு கரண்டி, புளிக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல்.
மாலை ஆறே முக்கால்: சோறு ஓர் ஆள் அளவு, புளிக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், மோர்.

கடைசி வரியை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு ஸ்பூன் விடக் கூடாது என்று சொல்லிவிட்டாளே. அது என் சாப்பாடு இல்லை, என் வீட்டுக்காரருடைய கேரியரில் இருந்தது. அவர் அம்பாசமுத்திரத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப ஆறரை ஆகும். நாலடுக்கு கேரியரில் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பேன். கேரியர் என் அம்மா வீட்டுச் சீர். ஒவ்வோர் அடுக்கிலும் என் பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும்: சு. ஆவுடைநாயகி, 9.6.95.

சில நாளாக அவருக்கு மில்லில் வேலை அதிகம், சாப்பிட நேரமில்லை, அதனால் கேரியர் அப்படியே திரும்பி வருகிறது. அவ்வளவுதான்.

நவம்பர் 6, புதன்

மாலை: கேரியர். எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு, தயிர்ச்சோறு.

நவம்பர் 9, சனி

அதைக் கொட்டிவிட வேண்டியதுதானே என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண் கேட்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் குப்பை வாளிக்கு வாய் உண்டு. பச்சை வாளியில் காய்கறித் தோலும் சோறும், நீல வாளியில் பிளாஸ்டிக்கும் காகிதமும் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு இசக்கியம்மாள் பேட்டரி வண்டியோடு வந்து விசில் ஊதுவாள். வீட்டுக்கு ஒருத்தி வாளியோடு வாசலில் நிற்க வேண்டும். அவள் பச்சை வாளியை வண்டியில் கவிழ்த்து, கையுறை போட்ட கையால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் திருப்பித் தருவாள். யார் வீட்டில் தேங்காய் உடைத்தார்கள், யார் வீட்டில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை, எல்லாம் ஏழு மணிக்குத் தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு தடவை கேரியர்ச் சோற்றை வாளியில் போட்டேன். ரஞ்சனிக்குப் பேச்சு முடிந்த வாரம் அது. இசக்கியம்மாள் சத்தமாகக் கேட்டாள்: "யம்மா, நேத்து அய்யா சாப்பிடலியா? கட்டிக் குடுத்த சோறு கட்டியாவே கெடக்கே!"

பக்கத்து வீட்டுச் சொர்ணம் அக்கா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். "என்னட்டி ஆவுடை, அண்ணாச்சிக்கு வீட்டுச் சாப்பாடு எறங்கலியோ?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அவியளுக்குக் காய்ச்சல்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அன்று அவர் நல்ல திடகாத்திரமாக இஸ்திரி போட்ட சட்டையோடு மில்லுக்குக் கிளம்பிப் போனதையும் அவள் பார்த்தாள்.

அதற்கப்புறம் கொட்டியதில்லை. சோறு வீணாகக் கூடாது என்பது என் கொள்கை.

நவம்பர் 18, திங்கள்

மாலை: கேரியர். ரசஞ்சோறு, பீட்ரூட், கூட்டு.

ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் இல்லாததால் ரஞ்சனி ஏழு மணிக்கே வந்துவிட்டாள். அங்கே அவள் டீச்சர். நான் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாள்.

"எம்மா, மத்தியானம் சாப்பிட்டேல்லா? திரும்ப எதுக்கு?"

"அப்பா சாப்பிடலட்டி. கெட்டுப் போயிரும்."

"ஃப்ரிட்ஜ்ல வை."

"ஃப்ரிட்ஜ்ல நேத்துள்ளது இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், போனில் மாப்பிள்ளை கூப்பிட்டதும் மாடிக்குப் போய்விட்டாள். சந்தோஷமாக இருக்கிறாள். அது போதும்.

டிசம்பர் 2, திங்கள்

இன்று ஆஸ்பத்திரி. சர்க்கரை முந்நூற்று நாற்பது.

நோட்டைக் கொடுத்தேன். "ஆறே முக்காலுக்கு இது யார் சாப்பாடு?" என்று கேட்டால் என்ன சொல்வதென்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டினாள், கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். "கையெழுத்து அழகா இருக்கு ஆன்ட்டி. ரைஸ் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றாள். ஒரு வரி படிக்கவில்லை. ஆறே முக்கால், ஆறே முக்கால் என்று இருபது இடத்தில் எழுதியிருந்தேன்.

தப்பித்தோம் என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

இனி இதை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் உள்ளதை எழுதலாம்.

சில நாளாக என்று எழுதியது பொய். கேரியர் இப்படித் திரும்பி வர ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வேலை அதிகம் என்று அவர் சொன்னது முதல் வாரம் மட்டும்தான். அப்புறம் அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. நாலு வருஷமாக மதியம் சாப்பிடாத மனுஷனுக்குத் தொந்தி விழுந்திருக்கிறது. அவர் எங்கேயோ சாப்பிடுகிறார், சூடாகச் சாப்பிடுகிறார். அவ்வளவு தெரியும். எங்கே என்று நான் தெரிந்துகொள்ளவில்லை.

கட்டிக் கொடுப்பதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையில் அவர் கேரியரோடு தெருவில் நடந்து போவதை எல்லாரும் பார்க்கிறார்கள். சொர்ணம் அக்கா பார்க்கிறாள். கையில் அந்தக் கேரியர் இருக்கிறவரை அவர் என் வீட்டுக்காரர், ரஞ்சனி நல்ல குடும்பத்துப் பெண். இன்னும் இரண்டு மாதம். நானே சாப்பிட்டுத் தீர்த்துவிடுகிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

சோற்றைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இன்று முதல் எனக்கென்று சமைக்கப் போவதில்லை. கேரியருக்கும் ரஞ்சனிக்கும் மட்டும்தான் உலை. காலையில் ஒரு இட்லி, அப்புறம் கேரியர் வந்ததும் அதைச் சாப்பிடுவது. ஒரு வேளை மிச்சம், சோறும் வீணாகாது. இந்த யோசனை முன்னாலேயே வராமல் போய்விட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

நாலு மணிக்குத் தலை சுற்றி அடுக்களையில் விழுந்துவிட்டேன். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை இறங்கிவிடுமாம். உடம்பெல்லாம் வேர்த்து, கை உதறி, எழுந்திருக்க முடியவில்லை. எட்டும் தூரத்தில் வெல்லத் தூக்கு இருந்ததால் பிழைத்தேன்.

அவர் வந்தபோது விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். கேரியரை மேடையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். கேரியர் கனமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பசி அப்படி.

டிசம்பர் 17, செவ்வாய்

கேரியரைத் திறந்தேன். அடி அடுக்கில் சோறு அப்படியே. அடுத்ததில் இடிசாம்பார் அப்படியே. மூன்றாவதில் மோர் அப்படியே. மேல் அடுக்கில் அவியல் வைத்திருந்தேன், அந்த அடுக்கைக் காணோம். அதற்குப் பதில் அதே அகலத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. நாலில் ஒன்று குறைந்தால் இந்தக் கேரியரின் கம்பி பூட்டாது, ஆட்டம் கொடுக்கும். யாரோ அவசரத்தில் கைக்கு வந்ததை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

டப்பாவில் பாதித் தக்காளிச் சோறு. பட்டாணியை மட்டும் பொறுக்கி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. ரஞ்சனியும் அப்படித்தான் ஒதுக்குவாள்.

மூடியைத் திருப்பினேன். புள்ளிப் புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது.

செல்வி நிவேதிதா
காதணி விழா 4.9.2016
நெல்லையப்பன் – புஷ்பகலா

நெல்லையப்பன் என் வீட்டுக்காரர் பேர். இந்த ஊரில் தெருவுக்கு நாலு நெல்லையப்பன் இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காது குத்தும்போது மூன்று வயது என்றால் இப்போது பதினொன்று. ஆறாம் வகுப்பு. அந்த 2016 செப்டம்பர் நாலாம் தேதி நான் என்ன சமைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. ஏதோ கட்டித்தான் கொடுத்திருப்பேன்.

தக்காளிச் சோற்றைக் கொட்ட முடியவில்லை. பிள்ளை மீதம் வைத்தது. பட்டாணியோடு சேர்த்துச் சாப்பிட்டேன். காரம் குறைவு, உப்பு சரியாக இருந்தது.

டிசம்பர் 18, புதன்

காலையில் அந்த இடத்தில் எங்கள் வீட்டு டப்பா ஒன்றை வைத்துப் பூட்டி அனுப்பியிருந்தேன். என் அடுக்கு திரும்பி வந்துவிட்டது, கழுவித் துடைத்து. அந்த டப்பாவைத்தான் அவர் தேடினார். பாத்திரக் கூடையைப் பார்த்தார், ஷெல்ஃபில் பார்த்தார், தண்ணீர் குடிக்க வந்தவர்போல நாலு தடவை அடுக்களைக்கு வந்தார். அவர் அடுக்களைக்குள் இத்தனை தடவை வந்து எத்தனையோ வருஷமாயிற்று. "என்ன வேணும்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, டம்ளர்" என்றார். டம்ளர் அவர் கையிலேயே இருந்தது.

டப்பா அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. தினமும் அரிசி அள்ளும்போது கையில் இடிக்கும்.

டிசம்பர் 20, வெள்ளி

ஒரு காரியம் செய்தேன். மறுபடி அவியல் வைத்தேன், நல்ல தேங்காயாகப் பார்த்து. சாயங்காலம் அந்த ஓர் அடுக்கு மட்டும் காலியாக வந்தது. மற்ற மூன்றும் அப்படியே.

அந்த வீட்டில் யாருக்கோ என் அவியல் பிடித்திருக்கிறது. அவர் இல்லை, அவருக்கு அவியல் ஆகாது; எப்படியும் என் வயிற்றுக்குத்தானே என்று நான்தான் எனக்குப் பிடித்ததைக் கட்டுகிறேன். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

விரல் நுனி கறுத்துவிட்டது. டாக்டர் கோபப்பட்டார். "உடனே அட்மிட் ஆகுங்க. இந்த ஒரு விரலோட போயிரும். தள்ளிப் போட்டா எதுவரைக்கும் ஏறும்னு நான் சொல்ல முடியாது."

"கல்யாணம் முடிஞ்சு வாரேன் டாக்டர்."

"யாருக்கும்மா கல்யாணம்?"

"மகளுக்கு."

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்."

"அவியளுக்கு வேலை அதிகம்" என்றேன். பழக்கம், வாயில் அதுதான் வருகிறது.

இந்த நோட்டைக் கேட்கவே இல்லை. அந்தப் பெண் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன். அவர் மதியம் வீட்டில் சாப்பிட்டார். இலை போட்டுப் பரிமாறினேன். மூன்றாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று மணிக்கு, மில்லில் பூஜை என்று கிளம்பிவிட்டார்.

ஜனவரி 15, புதன்

பழைய சோறு. மீந்த பொங்கல். மீந்த காய்களைச் சேர்த்துச் சுண்டக்கறி. சொர்ணம் அக்கா கிண்ணத்தோடு வந்தாள். "இனிமே நான் அக்கா இல்லட்டி, சம்மந்தி. ரெண்டு கரண்டி கூடப் போடு" என்றாள். போட்டேன். என்ன மணக்கிறது என்று மூக்கைச் சுளித்தாள். என் காலிலிருந்து வருகிறது. சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

காலில் வெள்ளைக் கட்டு தெரியக் கூடாது என்று கட்டுத்துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கட்டியிருந்தேன். மேடைப் படியில் தடுமாறியபோது அவர்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து தாரை வார்த்துக் கொடுத்தோம். போட்டோவில் பார்த்தால் நல்ல ஜோடி. அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். ரஞ்சனி மேல் அவருக்கு உயிர்.

பந்தியில் இலைக்குப் பாதி மீதம். பால்பாயசம், லட்டு, வடை எல்லாம் அப்படியே மடித்து எறிந்துவிட்டுப் போனார்கள். வேறு நாளாக இருந்தால் எனக்கு நெஞ்சு பதறியிருக்கும். நேற்று முதல் காலில் உணர்ச்சியே இல்லை, அதனால் நிற்க முடிந்தது. அதற்கே சாமிக்கு நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர். தேங்காய்ப்பாலில் சொதிக் குழம்பு, இஞ்சித் துவையல். சொதி மீதமில்லை. நான் சாப்பிட்டது: ஞாபகமில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. ஆஸ்பத்திரி

மூன்று விரல் போய்விட்டது. ஒன்று என்று சொன்னது ஜனவரியில்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளும் அவர் கூடவே இருந்தார். பொய் சொல்லக் கூடாது. கேண்டீனில் கஞ்சி வாங்கி ஊட்டிவிட்டார், இரவில் நாற்காலியில் தூங்கினார். நடுவில் போன் வந்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

மதியம் ரஞ்சனி வந்தாள், புதுத் தாலியும் மருதாணியுமாக. அவர் மாத்திரை வாங்கப் போயிருந்தார். என் காலைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏம்மா? ஏன் அந்தக் கேரியரத் தின்னு தின்னு இப்படிப் பண்ணுன? தூரக் கொட்டியிருக்கலாம்லா?"

"வீணாப் போகுமேன்னு..."

"அப்பா அங்க சாப்பிடுதாவன்னு எனக்குத் தெரியும்மா."

"எங்க?" என்று கேட்டேன், அப்போதும்.

"அம்பைல, மில்லுக்குப் பக்கத்துல. காலேஜ் படிக்கும்போதே தெரியும். ஏழு வருஷமாச்சு. பஸ் ஸ்டாண்டுல அப்பா அந்தப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாவ."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ பாட்டுக்குக் கட்டிக் குடுத்துக்கிட்டும் மிச்சத்த சாப்பிட்டுக்கிட்டும் இருந்தே. உனக்குத் தெரியாது, நிம்மதியா இருக்கன்னு நெனச்சேன்" என்றாள். "மாப்பிள வீட்டுலயும் தெரியும்மா. சொர்ணம் பெரியம்மா பேச்சு முடிக்கும்போதே சொல்லிட்டாவளாம். அவுங்களுக்கு அது ஒரு பிரச்னையே இல்ல."

யாருக்குத் தெரியக் கூடாது என்று நான் சாப்பிட்டேனோ அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நாலு வருஷம், வாரத்துக்கு ஆறு நாள், ஒவ்வொரு வாயும் வீண். வாளியில் போட்டிருந்தால் மாட்டுக்காவது போயிருக்கும்.

பிப்ரவரி 8, சனி

எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. நாலு காலுள்ள கம்பியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். தெருக்காரிகள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள், ஒருத்தி ஹார்லிக்ஸ், ஒருத்தி ஆரஞ்சு. சொர்ணம் அக்கா என் கண்ணைப் பார்க்காமல் பேசினாள். இசக்கியம்மாள் மட்டும் வாசலில் இருந்தே சத்தம் போட்டாள்: "யம்மா, நீங்க எந்திச்சு வராதிய! வாளிய நானே எடுத்துக்கிடுதேன்!" வாளியில் ஆரஞ்சுத் தோல் தவிர ஒன்றுமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சமைத்தேன். அரிசி அள்ளும்போது டப்பா கையில் இடித்தது. இரண்டு மாதமாக இடிக்கிறது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை இத்தனை நாள் வைத்திருப்பது முறையில்லை. யார் வீட்டுப் பாத்திரமானாலும் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும், வெறுமனே கொடுக்கவும் கூடாது. கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பது வழக்கம். என் அம்மா அப்படித்தான், நானும் அப்படித்தான். இதற்கு மட்டும் வேறு முறை எனக்குத் தெரியவில்லை.

கல்யாணப் பலகாரத்தில் இரண்டு லட்டும் நாலு முந்திரிக்கொத்தும் இருந்தன. அதை டப்பாவில் போட்டு, மேல் அடுக்கு இருக்கும் இடத்தில் வைத்துக் கம்பியைப் பூட்டினேன். அக்கா கல்யாணத்துப் பலகாரம். அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

"நீ ஏன் எந்திச்ச? கேண்டீன்ல பாத்துக்கிட மாட்டனா?" என்றார் அவர்.

"கட்டியாச்சு" என்றேன். எடுத்துக்கொண்டு போனார்.

இரவு எட்டு மணி

அவர் ஆறரைக்கு வந்தார். கேரியரை மேடையில் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அதே கனம். நேராக மொட்டை மாடிக்குப் போனவர் இன்னும் இறங்கி வரவில்லை.

திறந்தேன். கீழே மூன்றும் என் அடுக்குகள், மேலே அதே டப்பா. ஆனால் உள்ளே நான் வைத்தது இல்லை. அடியில் வரகரிசிச் சோறு, ஒரு கரண்டிக்கு மேல் இருக்காது. அடுத்ததில் உப்புக் குறைத்த பாசிப்பருப்பு. மூன்றாவதில் எண்ணெய் விடாமல் வதக்கிய முருங்கைக்கீரை. மேலே மோர், கடுகு தாளித்து. இன்னும் சூடு இருந்தது. நடக்கும் தூரத்தில் இல்லை அம்பாசமுத்திரம். எதிலோ சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

என் சர்க்கரை அவளுக்குத் தெரியும். என் விரல் தெரியும். உப்பு ஆகாது என்பதுகூடத் தெரியும். அவர் எல்லாவற்றையும் அங்கே சொல்கிறார். இங்கே என்னிடம் ஒரு நாள் கேட்டதில்லை.

தரையில் உட்கார முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொட்டலாம் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சாப்பிட்டதெல்லாம் யாரோ சாப்பிட்டு மிஞ்சியது, இல்லாவிட்டால் யாரோ சாப்பிடாமல் மிஞ்சியது. எனக்கென்று, என் உடம்புக்கு என்ன ஆகும் என்று பார்த்து, ஒருத்தி அளந்து சமைத்தது இதுதான் முதல் தடவை. அது அவளாக இருக்க வேண்டுமா? கீரை ரொம்ப நன்றாக இருந்தது. அழுதுகொண்டே வழித்துச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மீதமில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இப்போது அந்த டப்பாவைத் திருப்பி அனுப்பினால் நான் எதையாவது போட்டு அனுப்ப வேண்டும். அவளும் வெறுமனே அனுப்ப மாட்டாள், அப்படிப்பட்டவள் இல்லை என்று நேற்றே தெரிந்துவிட்டது. நான் போட, அவள் போட, நான் போட. சாகிறவரைக்கும் இப்படியே போகும். எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கும், அவருக்கு ரொம்பவே.

ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. கேரியரையும் டப்பாவையும் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தேன். மூன்று அடுக்கையும் மேலே அந்த டப்பாவையும் வரிசையாக வைத்துக் கம்பியைப் பூட்டினேன்.

ஏழரைக்கு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கம்போல மேடையில் இருந்து எடுத்தார். தூக்கின வேகத்தில் கை மேலே போய்விட்டது. கேரியரைப் பார்த்தார், குளிர்ந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார். அப்புறம் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, இசக்கியம்மாள் வண்டியைத் தாண்டி, சொர்ணம் அக்கா வீட்டைத் தாண்டி, தினமும் போவதுபோலவே நடந்து போனார். தெருவில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுபடியும் உலை வைத்திருப்பேன்.